கடை நம்பர்

எங்கள் முதலாளி ஞானதுரைக்கு உலகத்தில் இருந்தது ஒரே ஒரு போன் நம்பர். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கடை திறந்த புதிதில் வாங்கியது. பெயர்ப்பலகையில் அதுதான், பில்லில் அதுதான், லாரியின் பின்கதவில் அதுதான். வருஷா வருஷம் வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்கும் காலண்டரிலும் இயேசுவின் பாதத்துக்குக் கீழே அதே நம்பர் கொட்டை எழுத்தில் இருக்கும்.

அவருடைய மகள் ஜெனிக்கும் அதுதான் நம்பர். ஜெனியிடம் சொந்தமாக நல்ல போன் உண்டு. ஆனால் காலேஜில் சேர்ந்தாலும், பல் டாக்டரிடம் போனாலும், சுடிதார் வாங்கினாலும் கடை நம்பரைத்தான் கொடுக்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். "பொம்பளப் புள்ள நம்பரு வெளிய போவக் கூடாதும்மா. கண்ட பயலும் எடுத்து வச்சிக்கிடுவான்" என்பார் முதலாளி. மகளைக் காப்பாற்றுகிறாராம். அந்த அருமையான ஏற்பாடு எப்படி முடிந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்த நம்பர் இருந்த போன் கிடந்தது என் மேசையில். நான் மதி. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் இருந்து வந்து அந்தக் கடையில் கணக்குப் பார்த்தவள். கம்பி என்ன விலை என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது, பில் போட்டு அனுப்புவது, லாரி எங்கே நிற்கிறது என்று விசாரிப்பது எல்லாம் அந்த போனில்தான். காலையிலிருந்து சாயங்காலம் வரை அது என் கையில் இருக்கும். என் சொந்த போனைவிட அதுதான் எனக்குச் சொந்தமாக இருந்தது. என் சொந்த போனை வீட்டுக்குப் போனதும் என் புருஷன் எழிலன் வாங்கிக்கொண்டு கேம் ஆடுவான். சந்தேகம் எல்லாம் கிடையாது. அவன் போனில் சார்ஜ் நிற்காது, அவ்வளவுதான்.

எனக்கு வலிப்பு உண்டு. ஒன்பதாவது படிக்கும்போது வந்தது. மாத்திரை ஒழுங்காகப் போட்டால் வராது, போடாவிட்டால் வரும். அதற்கு மேல் அதில் மர்மம் எதுவும் இல்லை. ஆனால் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, என் மாமியார் தாயம்மா நேருக்கு நேராகக் கேட்டாள். "பொண்ணுக்கு நோவு நொடி எதுனா கீதா? இப்பவே சொல்லிடு நைனா, அப்பால வந்து பேஜார் பண்ணக் கூடாது." என் அப்பா ஒரு நொடிகூட யோசிக்காமல் இல்லை என்றார். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். பொய் மட்டும் என்னோடு குடித்தனம் வந்தது.

கல்யாணமான முதல் வருஷமே அந்தப் பொய்யின் எடை எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் பிளாக்கில் மூன்றாவது மாடிக்கு வாழ வந்த ஒரு பெண்ணுக்குத் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் வலிப்பு வந்தது. மறுநாள் அவளைக் கட்டிய புடவையோடு ஆட்டோவில் ஏற்றி அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆட்டோ பிடித்து வந்து கொடுத்தது என் அத்தை தாயம்மாதான். "நோவ மறச்சி கட்டிக் குட்த்தா வேற இன்னா பண்ணுவாங்க?" என்று அன்று சாப்பிடும்போது சொன்னாள். எழிலன் தலையாட்டினான். நான் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

அதனால் மாத்திரையை வீட்டில் வைப்பதில்லை. கடையில் என் மேசையின் கீழ் டிராயரில் இருக்கும். காலையில் கடைக்குள் நுழைந்ததும் ஒன்று, கிளம்பும்போது ஒன்று. ஒரு தடவை, ஆயுத பூஜை லீவில் நாலைந்து நாள் விட்டுப்போய், திரும்பி வந்த அன்று கடையிலேயே விழுந்துவிட்டேன். கண் விழித்தபோது என் கையில் ஒரு கம்பித் துண்டைத் திணித்து வைத்திருந்தார்கள். வலிப்பு வந்தால் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது இவர்கள் வைத்தியம், அந்தக் கடையில் இரும்புக்கா பஞ்சம்? என் தலை ஜெனியின் மடியில் இருந்தது. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு வந்தவள், என் வாயில் வழிந்ததைத் தன் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டார் நல்லவர்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதலாளியே காரில் ராயபுரத்தில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். அரசு மருத்துவமனைக்கு நான் வர மாட்டேன் என்றேன். அங்கே டோக்கன் கொடுப்பவரிலிருந்து வார்டு கூட்டுபவர் வரை எங்கள் பிளாக் ஆட்கள். கவுண்டரில் போன் நம்பர் கேட்டார்கள். நான் திருதிருவென்று விழித்தேன்.

"கடை நம்பரைக் குடும்மா. வீட்டுக்கு எதுக்குத் தெரியணும்?" என்றார் முதலாளி.

அப்படித்தான் என் வலிப்பும் அவர் மகளின் மானமும் ஒரே நம்பரில் குடியேறின. அந்த மருத்துவமனையில் சீட்டு கீட்டு எதுவும் கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டர். மாசா மாசம் மருந்து தயார் என்று கடை போனுக்குச் செய்தி வரும். நான் வீட்டுக்குப் போகிற வழியில் வாங்கி, மறுநாள் டிராயரில் வைத்துவிட்டுச் செய்தியை அழித்துவிடுவேன்.

போன வருஷக் கடைசியில் அந்த மருத்துவமனையின் கம்ப்யூட்டருக்குள் யாரோ புகுந்து நோயாளிகள் விவரத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். பேப்பரில் சின்னதாக வந்தது. கடை போனுக்கு மருத்துவமனையிலிருந்து ஒரு செய்தியும் வந்தது. போன் நம்பர், வயது, ஆணா பெண்ணா, நோய், மருந்து ஆகியவை மட்டுமே வெளியே போயிருக்கின்றன, நோயாளிகளின் பெயர்கள் முற்றிலும் பாதுகாப்பாக உள்ளன என்று பெருமையாக எழுதியிருந்தார்கள். எனக்குக்கூட நிம்மதியாக இருந்தது. பெயர் இல்லாமல் யார் என்ன கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று அதையும் அழித்தேன்.

உச்சிமாகாளி என்று ஒருவர் இருக்கிறார். முதலாளி மாதிரி தெற்கிலிருந்து வந்து இங்கே கடை வைத்திருக்கும் குடும்பங்களில் கல்யாணம் பேசினால், அவரைத்தான் விசாரிக்க அனுப்புவார்கள். பெண் வீட்டுத் தெருவில் ஒரு மளிகைக் கடை பெஞ்சில் உட்கார்ந்து, சோடா குடித்தபடி பேச்சுக் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் அந்த வீட்டின் மூன்று தலைமுறையைக் கறந்துகொண்டு வந்துவிடுவார். இப்போது அவருக்கு மருமகன் டெலிகிராமில் ஏதோ ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தான். திருட்டுப் போன விவரங்கள் எல்லாம் அதில் கிடக்கும். ஒரு நம்பரை அடித்தால் போதும், அந்த நம்பரில் எங்கெங்கே என்னென்ன இருக்கிறதோ எல்லாம் வந்து விழும். சோடாச் செலவுகூட மிச்சம்.

ஜெனிக்கு வண்ணாரப்பேட்டை ரெடிமேட் மொத்த வியாபாரி ஹென்றியின் மகன் எபினேசரை நிச்சயம் செய்திருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் கோயிலில் ஓலை வாசிப்பதாக இருந்தது. சபையில் பெயரை அறிவித்துவிட்டால் அப்புறம் கல்யாணம் முடிந்த மாதிரிதான். அதற்கு முன்னால் சும்மா ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று உச்சிமாகாளி பெண்ணின் நம்பரை அடித்திருக்கிறார். பெண்ணின் நம்பர் என்று அவர்களிடம் இருந்தது கடை நம்பர்.

ஹென்றியும் உச்சிமாகாளியும் கடைக்கு வந்தபோது நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். காபி வேண்டாம் என்றார் ஹென்றி. அப்போதே முதலாளியின் முகம் மாறிவிட்டது.

"அண்ணாச்சி, மறைச்சிக் கட்டிக் குடுக்கலாம்னு நெனச்சியளோ?" என்று கேட்டு, ஹென்றி உச்சிமாகாளியின் போனை நீட்டினார். பெண், வயது இருபத்தைந்து, வலிப்பு நோய், மாத்திரை தொடர்கிறது. நான் மருத்துவமனையில் பதிந்த அன்று எனக்கு இருபத்தைந்து. ஜெனிக்கு இப்போது இருபத்தைந்து.

முதலாளி அந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

ஆனால் அன்று அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஒருநாள் டைம் கொடுங்கள், ஆஸ்பத்திரியிலேயே எழுதி வாங்கி வருகிறேன் என்று அவர்களை அனுப்பிவிட்டு ராயபுரத்துக்கு ஓடினார். இது என் மகள் இல்லை என்று ஒரே ஒரு வரி எழுதித் தாருங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். நோயாளிகளின் விவரத்தை மூன்றாம் நபரிடம் பகிர்வதில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். ஊருக்கெல்லாம் போய்ச் சேர்ந்த விவரத்தை அவருக்கு மட்டும் சொல்ல மாட்டார்களாம்.

சாயங்காலம் திரும்பி வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

"ஏம்மா மதி, நீ சொன்னாத்தான் உண்டு. ஹென்றி ஒருத்தர்ட்ட மட்டும் சொல்லு. இந்த ரூமை விட்டு வெளிய போவாது. நான் பொறுப்பு."

பின்னால் ஜெனி நின்றுகொண்டிருந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. "அக்கா, ப்ளீஸ்" என்றாள். நான் சரி என்றேன். அவள் மடியில் கிடந்தவள் நான், வேறு என்ன சொல்வேன்?

மறுநாள் காலை கடையின் பின் அறையில், முதலாளியும் ஜெனியும் உச்சிமாகாளியும் இருக்க, ஹென்றியிடம் சொன்னேன். வலிப்பு எனக்குத்தான், ஜெனிக்கு இல்லை. டிராயரைத் திறந்து மாத்திரைகளையும் காட்டினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வெளியாள் ஒருவரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஹென்றி பொறுமையாகக் கேட்டார். அப்புறம் என்னைப் பார்க்காமல் முதலாளியைப் பார்த்துப் பேசினார். "தப்பா நெனைக்காதிய அண்ணாச்சி. சம்பளம் குடுக்குத மொதலாளி சொன்னா வேலைக்காரப் புள்ள எதையும் சொல்லும்லா? மாத்திரை யாருதுன்னு மாத்திரையிலயா எழுதியிருக்கு? ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்ல பேர மாத்திக் காட்டுததும் பெரிய வேலையா? அந்தப் புள்ள இருக்க தெருவுல உச்சிமாகாளி ஒரு எட்டு போய் விசாரிச்சிட்டு வரட்டும். அவ புருஷன் ஆமான்னு சொல்லிட்டா நாங்க நம்புதோம். எந்தப் புருஷனும் பொய்யா அப்படிச் சொல்ல மாட்டான்."

"சார், என் வீட்டுக்குத் தெரியாது சார்" என்றேன். "தெரிஞ்சா என்னைத் துரத்திடுவாங்க."

வியாசர்பாடியில் எந்த பிளாக் என்று உச்சிமாகாளி கேட்டார், என்னிடம் இல்லை, முதலாளியிடம். முதலாளி மேசைமேல் இருந்த அளவு டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் பிளாக்கையும் வீட்டு நம்பரையும் சொன்னார். நான் ஜெனியைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். அந்த நிமிஷம் அந்தக் குடும்பத்தை அடியோடு வெறுத்தேன், இப்போதும் வெறுக்கிறேன்.

ஹென்றி அங்கேயே உட்கார்ந்துவிட்டார், முடிவு தெரிந்துவிட்டுப் போகிறேன் என்று. எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது. எங்கே ஓடுவது? எழிலனுக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. அவன் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவன். அன்று அவனுக்கு வண்டி இல்லை, எங்கள் கிரவுண்டில் பசங்களோடு பந்து ஆடிக்கொண்டிருப்பான். உச்சிமாகாளி போய் உட்கார்ந்தது அந்த கிரவுண்ட் ஓரத்து டீக்கடையில்.

அங்கே என்ன நடந்தது என்று பிற்பாடு ஆளாளுக்குச் சொன்னார்கள். வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், இஞ்சி டீ குடித்துக்கொண்டே, எழிலன் சம்சாரத்துக்கு வலிப்பு வருமாமே என்று டீக்கடைக்காரரைக் கேட்டிருக்கிறார். பக்கத்து பெஞ்சில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தது எழிலன். டீ கிளாஸ் எங்கே போனது, வேட்டி எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. யார் அனுப்பியது, எதற்கு என்று எல்லாவற்றையும் கக்க வைத்துவிட்டார்கள்.

நடுப்பகலுக்கு முன்னாலேயே அவர்கள் கடைக்கு வந்தார்கள். எழிலனும், அவனுடைய தோஸ்துங்க பத்துப் பன்னிரண்டு பேரும், ஓர் ஆட்டோவில் அத்தையும். உச்சிமாகாளியை பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள், லோடு ஏற்றுபவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள்.

"யாருய்யா இங்க மொதலாளி?" என்றான் எழிலன். "உம் பொண்ணுக்கு நோவுன்னா ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போ. எம் பொண்டாட்டி தலைல எதுக்குக் கட்ற? வியாசர்பாடிக்காரின்னா உனுக்கு அவ்ளோ இளப்பமா பூட்ச்சா? நாங்க இன்னா, நீ வேணாம்னு போட்ற குப்பையக் கொட்ற எடமா?"

அவன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. இந்த மாதிரி எத்தனை பழிகளை எங்கள் தலையில் கொட்டியிருக்கிறார்கள் என்று எங்கள் பிளாக்கில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். இந்த ஒரு தடவை மட்டும் அது பழி இல்லை.

முதலாளி என் டிராயரைத் திறந்து மாத்திரைகளை அள்ளி எடுத்து நீட்டினார். "தம்பி, கோவப்படாதிய. இது உங்க சம்சாரத்தோடது. அவளையே கேளுங்க."

எழிலன் என் பக்கம் திரும்பினான். அவன் கண்ணில் சந்தேகம் துளிகூட இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"நீயே சொல்லு மதி. எல்லாரும் கேக்கட்டும். உனுக்கு எதுனா கீதா?"

எனக்கு எதிரே முதலாளி நின்றார், ஹென்றி நின்றார், கதவைப் பிடித்துக்கொண்டு ஜெனி நின்றாள். ஆட்டோவிலிருந்து இறங்கி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அத்தை நின்றாள். மூன்றாவது மாடிப் பெண் ஆட்டோவில் ஏறியபோதும் அவள் அப்படித்தான் நின்றிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றேன்.

ஜெனி ஒரு சத்தம் போட்டாள். அழுகை என்று சொல்ல முடியாது. ஹென்றி செருப்பை மாட்டிக்கொண்டு போனார். எழிலன் முதலாளி கையிலிருந்த மாத்திரைகளைத் தட்டிப் பறித்து, கடைக்கு வெளியே குவிந்திருந்த துருப்பிடித்த தகடுகளுக்கு நடுவில் வீசினான். "வா, வூட்டுக்குப் போலாம். இனி இந்த வேல உனுக்குத் தேவ இல்ல" என்றான். நான் என் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டேன். வாயைத் திறந்திருக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் வந்து என் அத்தையோடு ஒரு வாரம் குடித்தனம் நடத்திவிட்டுச் சொல்லட்டும்.

அன்று பிளாக்கே எனக்காகக் கூடியது. அத்தை உப்பு மிளகாய் எடுத்துச் சுற்றிப் போட்டாள். எதிர் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. எழிலன் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொன்னான், ஒவ்வொரு தடவையும் உச்சிமாகாளிக்கு விழுந்த அடி ஒன்று கூடியது. அவனைத் தனியே பிடித்து, "உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

"ஒண்ணும் சொல்லாத. நீ சொல்லித்தான் எனுக்குத் தெரியணுமா?" என்று என் தலையைத் தடவினான். அவ்வளவு அன்பாக ஒருவன் வாயை அடைத்தால் என்னதான் செய்வது?

அந்தப் பக்கம் ஜெனியின் கல்யாணம் நின்றது. ஒரு கல்யாணம் நின்றதோடு போகவில்லை. வண்ணாரப்பேட்டைக் கடைகளிலிருந்து தூத்துக்குடி வரை செய்தி போய்விட்டது. வலிப்பு வருகிற பெண், அதை மறைக்க வேலைக்காரியை ஆள் மாறாட்டம் செய்த அப்பன். இனி எந்த உச்சிமாகாளி எந்த போனில் அடித்தாலும் அந்த நம்பரில் அதுதான் வரும். இதெல்லாம் கடைக்குச் சரக்கு ஏற்ற வரும் பையன்கள் சொல்லி எழிலன் காதுக்கு வந்தது. "நல்லா வோணும்" என்றான். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், கழுவிக்கொண்டே இருந்தேன்.

மாத்திரை இல்லாமல் நாலாவது நாள் காலையில் டீ ஊற்றும்போது என் இடது கை தானாக ஒரு வெட்டு வெட்டியது. டம்ளர் பறந்துபோய்ச் சுவரில் மோதியது. ஊர்க் கண்ணு என்றாள் அத்தை. எனக்குத் தெரியும் அது என்னவென்று. பெரியது வருவதற்கு முன்னால் இப்படித்தான் சின்னச் சின்னதாக வெட்டும். வெளியே போய் இரண்டு மருந்துக் கடைகளில் கேட்டேன். இந்த மாத்திரை டாக்டர் சீட்டு இல்லாமல் தரக் கூடாது என்று துரத்தினார்கள். அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு ராயபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

மருத்துவமனையில் எல்லாம் மாறியிருந்தது. தகவல் பாதுகாப்பு என்று புதிதாக ஒரு கவுண்டரே திறந்திருந்தார்கள். அங்கே இருந்த பெண் சின்னப் பெண், மரியாதையாகப் பேசினாள்.

"பதிவு செஞ்ச நம்பருக்கு ஓ.டி.பி. போகும் மேடம். அதைச் சொன்னாத்தான் ரெக்கார்டு திறக்கும். திருட்டுக்கு அப்புறம் இதான் ரூல்."

"அந்த நம்பர் இப்ப எங்கிட்ட இல்லம்மா. ஆதார் கார்டு இருக்கு. நம்பர மாத்திக் குடு."

"நம்பர் மாத்தவும் அந்த நம்பருக்குத்தான் ஓ.டி.பி. போகும் மேடம். உங்க பாதுகாப்புக்குத்தான்."

டாக்டரையாவது பார்க்க விடு என்றேன். டாக்டரும் ரெக்கார்டு திறந்தால்தான் மருந்து எழுத முடியுமாம். திருடனுக்குத் திறந்து கிடந்த கதவை எனக்குச் சாத்திவிட்டார்கள். வேறு வழி இல்லாமல், ஓ.டி.பி.யை அனுப்பச் சொல்லிவிட்டு, ஓர் ஓரமாக நின்று கடை நம்பருக்கு அடித்தேன்.

எடுத்தது முதலாளி. நான் பேசி முடிக்கும்வரை கேட்டார். "உனக்குத்தான் ஒண்ணும் இல்லையேம்மா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. போன் கை மாறியது.

"அக்கா" என்றாள் ஜெனி. "ஓ.டி.பி. வந்திருக்கு. என் கையிலதான் இருக்கு."

"சொல்லு ஜெனி. கை வெட்ட ஆரம்பிச்சிடுச்சி. உனக்குத் தெரியும்ல, நீ பாத்திருக்க."

"நான் பாத்திருக்கேன். ஆனா உங்களுக்குத்தான் இல்லையே? எனக்குத்தானே?"

அவள் நிதானமாக எண்களைச் சொல்ல ஆரம்பித்தாள். நாலு. எட்டு. ஒன்று. அதோடு நிறுத்திவிட்டாள்.

"மீதி மூணையும் எழிலன் அண்ணன் முன்னாடி சொல்றேன். நீங்க ஆஸ்பத்திரில நிக்கறீங்கன்னு இப்பத்தான் அவருக்கு மெசேஜ் போட்டேன். அவர் வந்ததும் உண்மையைச் சொல்லுங்க. ஹென்றி அங்கிளுக்கு போன் போட்டு ரெண்டு பேரும் சொல்லுங்க. உடனே நம்பரைச் சொல்றேன், சத்தியமா."

"அவங்க என்னை வச்சிருக்க மாட்டாங்க ஜெனி."

"என்னை மட்டும் யார் வச்சிக்கப் போறாங்க?"

அவள் கேட்டது நியாயம். அதனாலேயே அவளை அறைய வேண்டும் போல இருந்தது. போனை வைத்துவிட்டு வெளியே ஓடியிருக்கலாம். ஆனால் எழிலனின் டிரெய்லர் காலையிலிருந்து துறைமுக கேட்டுக்கு வெளியே வரிசையில்தான் நின்றது, மருத்துவமனையிலிருந்து கூப்பிடு தூரம். நான் வாசலுக்கு வருவதற்குள் அவன் படியேறி வந்துகொண்டிருந்தான்.

"கடக்காரன் பொண்ணு மெசேஜ் போட்டுக்கீது, நீ இங்க கீறன்னு. இன்னா மதி?" என்றான். நான் என்ன சொல்வது என்று தேடுவதற்குள் அவனே கண்டுபிடித்துவிட்டான். அவன் முகம் மலர்ந்தது. "உம் பேர இங்க ஏத்துனதுக்கு சண்ட போட வந்தியா? சொல்லிருந்தா நானும் வந்துருப்பேன்ல. வா." என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அதே கவுண்டருக்குப் போனான்.

"இதோ பாரும்மா. உங்க கம்ப்யூட்டர்ல எம் பொண்டாட்டிக்கு வலிப்புன்னு எவனோ ஏத்தி வச்சிகீறான். அத எட்தாகணும். இப்பவே."

கவுண்டர் பெண் என்னைப் பார்த்தாள். கொஞ்சம் முன்னால் அவளிடம் மாத்திரைக்குக் கெஞ்சியவள் நான். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. நல்ல பெண். மிக மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"ரெக்கார்டு உங்களோடது இல்லன்னு நீங்க மறுத்தா, ஆதாரைப் பாத்து நான் முடக்கிடலாம் மேடம். மறுப்புக்கு ஓ.டி.பி. வேண்டாம். ஆனா முடக்கிட்டா அப்புறம் இங்க அந்தப் பேர்ல யாரும் மருந்து வாங்க முடியாது, டாக்டரையும் பாக்க முடியாது. திரும்பத் திறக்கவும் முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க. இது உங்களோடதா, இல்லையா?"

என் போன் அடித்தது. கடை நம்பர். அடித்துக்கொண்டே இருந்தது. எழிலன் அதை என் கையிலிருந்து வாங்கி, யார் என்று பார்த்துவிட்டு, அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"சொல்லு மதி" என்றான். என் தோளில் அவன் கை இருந்தது.

"என்னோடது இல்ல" என்றேன்.

கவுண்டர் பெண் இன்னும் ஒரு தடவை என்னைப் பார்த்தாள். நான் அவளை முறைத்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஒரு பட்டனைத் தட்டினாள். முடிந்தது என்றாள். சிரமத்துக்கு வருந்துகிறோம் என்றும் சொன்னாள்.

எழிலனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டிரெய்லரைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு, அவன் பைக்கை வாங்கிக்கொண்டு வந்தான். வீட்டுக்குக் கொண்டு போய் விடுகிறேன், அம்மாவிடம் நானே சொல்ல வேண்டும் என்றான். பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அவன் வேகமாகத்தான் ஓட்டுவான். எதிரே வரிசையாகக் கண்டெய்னர் லாரிகள் வந்துகொண்டிருந்தன. என் இடது கை மறுபடியும் வெட்டியது.

"கெட்டியா புட்சிக்கோ" என்றான்.